சம்பந்தி சொன்ன ஐடியா

பெண்ணைக் கட்டிக் கொடுக்கப்போகிறவன் உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் "அது சரிப்படாது" என்று சொல்லிவிடலாம். மானேஜரிடம் சொல்லலாம். போலீஸ்காரனிடம் சொல்லலாம். கோயில் கமிட்டித் தலைவரிடம்கூட, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு சொல்லிவிடலாம். மாப்பிள்ளையின் அப்பாவிடம் மட்டும் சொல்ல முடியாது. முடியும் என்று யாராவது வாதம் பண்ணினால், அவருக்கு ஆண்பிள்ளைகள் மட்டும்தான் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

இந்த உண்மையை நான் தெரிந்துகொள்வதற்காக ஒரு பெரிய ஓட்டல் முழுக்கப் படுக்கை விரிப்பு இல்லாமல் நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். (தமிழ் எழுத்தெல்லாம் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படித்ததுதான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் ஊர் ஃபிஜி. நமாக்கா என்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். விமானத்திலிருந்து இறங்குகிற வெள்ளைக்காரர்கள் நேரே வந்து படுக்கிற இடம். அதன் லாண்டரியில் நான் சூப்பர்வைசர். எல்லாரும் என்னை 'பாஸ்' என்று கூப்பிடுவார்கள். இந்தப் பதவியை முருகன் போட்ட பிச்சை என்று நினைத்து, தினமும் மெஷினுக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் சுவிட்ச் போடுவேன்.

அப்புறம் இரண்டாயிரமாம் வருஷத்துக் 'கூ' வந்தது. (ஆட்சிக் கவிழ்ப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எண்பத்தேழிலேயே இரண்டு பார்த்துவிட்ட ஜனங்கள் நாங்கள். அதனால் யாராவது "கூ சமயத்துல" என்று ஆரம்பித்தால், "எந்தக் கூ?" என்று கேட்டுக்கொண்டுதான் மேலே கேட்போம்.) தலைநகர் சுவாவில் துப்பாக்கி தூக்கினார்கள்; இங்கே எங்கள் ஓட்டல் காலியானது. விமானம் வரும், ஆட்கள் இறங்கமாட்டார்கள். திரும்பிப் போகும்போது மட்டும் நிரம்பி வழியும். நிரம்பிப் போனவர்கள் எல்லாம் எங்கள் இந்திய வம்சத்து ஆட்கள். இஸ்திரி போடுகிற குடும்பம் ஒன்று அப்படியே ஆக்லாந்துக்குப் போயிற்று. துணி மடிக்கிற அக்கா தங்கை இரண்டு பேரும் சிட்னிக்கு. லாண்டரியில் வேலை செய்ததைவிட வழியனுப்பு விருந்துக்குக் கேக் வெட்டினதுதான் அதிகம். துணி உலர்த்தும் டிரையர் மூன்றில் ஒன்று படுத்துக்கொண்டது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் அப்போது பிரிஸ்பேனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் எங்கள் மகள் சாந்திக்கு வரன் வந்தது. பையனுக்கு நியூசிலாந்தில் குடியேறுகிற பேப்பர் கிடைத்துவிட்டது. அந்த நாளில் பேப்பர் வந்த மாப்பிள்ளை என்றால் ஜாதகம்கூடப் பார்க்கமாட்டார்கள். நாங்கள் பார்த்தோம், பொருந்தியது. நிச்சயதார்த்தமும் ஆயிற்று. எல்லாம் முருகன் செயல். ஒரே ஒரு சங்கடம், பையனின் அப்பா யார் என்பது. எங்கள் லாண்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள்.

முந்தின வாரம்வரை, "ஏய் பெருமாள், வெந்நீர் எங்கேடா?" என்று ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தவன் நான். எங்கள் ஃபிஜி ஹிந்தியில் பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே 'தும்'தான், அதாவது 'நீ'தான். சம்பந்தியை அப்படிக் கூப்பிட முடியுமா? அதனால் அவரிடம் மட்டும் தமிழுக்கு மாறினேன்.

"சம்பந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

"இதோ வருது சம்பந்தி. நீங்க எதுக்கு அலையறீங்க, உக்காருங்க."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை பண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிப்போகும்.

வீட்டில் என் மனைவி கமலா தினமும் கதவருகே நின்று எச்சரிக்கை பண்ணித்தான் அனுப்புவாள். "அந்த மனுஷன் மனசு நோகிற மாதிரி ஒரு வார்த்தை வந்துடக் கூடாது. பாஸுன்னு திமிரா பேசித் தொலைக்காதீங்க. கல்யாணம் முடியற வரைக்கும் உங்க வாயில பூட்டு."

போட்டேன் பூட்டு.

கொஞ்ச நாளில் ஊர் அடங்கியது. டூரிஸ்ட்டுகள் ஒருவர் இருவராக வந்தார்கள். ஒரு விமானக் கம்பெனி தன் பைலட்டுகளையும் பணிப்பெண்களையும் எங்கள் ஓட்டலில் தங்கவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அறை கேட்டு ஆள் வந்து நிற்கும்போது எங்கள் விரிப்புகள் இன்னும் டிரையருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். மானேஜர் ஆஸ்திரேலியாக்காரர், சுற்றி வளைக்கமாட்டார். எல்லாரையும் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் லவுத்தோக்காவில் ஒரு காண்டிராக்டர் இருக்கிறார். துணியை அவரிடம் கொடுத்தால் லாண்டரியையே மூடிவிடலாம். வேண்டாம் என்றால், வேலையை வேகமாக முடிக்க ஒரு வழியை நாங்களே கண்டுபிடித்து ஒரு நாள் செய்து காட்டவேண்டும். ஒரே ஒரு நாள்.

லாண்டரி என்றால் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துச் சோறு.

வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக சுவாவிலிருந்து மிஸ் லிட்டியா என்ற பெண் வந்தாள். பூர்வகுடி ஃபிஜிக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். பளிச்சென்று சிரிப்பாள். எங்கள் ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். சுவரில் பெரிய பெரிய வெள்ளைக் காகிதம் ஒட்டினாள்.

"இன்னிக்கு ஒரே சட்டம்தான். மனசுல வர்ற ஐடியாவை அப்படியே சொல்லணும். பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் சொல்லணும். யாரும் யாரையும் 'இது ஆகாது'ன்னு சொல்லக் கூடாது. சிரிக்கவும் கூடாது. நல்லது கெட்டது பார்க்கிறது நாளைக்கு."

எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் கமலா போட்ட பூட்டும் இதுவும் ஒன்றுதானே!

"யார் ஆரம்பிக்கிறீங்க?" என்றாள். எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எங்கள் வழக்கத்தில் எந்த நல்ல காரியமானாலும் முதல் மரியாதை சம்பந்திக்குத்தான். முதல் வெற்றிலை அவருக்கு, முதல் மாலை அவருக்கு. அந்தப் பழக்கத்தில் நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "முதல்ல எங்க சம்பந்தி சொல்லட்டும்" என்றேன்.

பாவம், பெருமாள் பின்வரிசையில் சுவரோடு சுவராக இருந்தார். எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். இருமினார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"டிரையர்லதானே நேரம் போகுது? பின்னாடி அவ்வளவு பெரிய புல்தரை கிடக்கு. வெயில் சும்மா அடிக்குது. கயிறு கட்டிக் காயப்போட்டா என்ன?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது கரும்பு வெட்டுகிற மாதம். எங்கள் ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சின்ன ரோடு, அதற்கு அந்தப்பக்கம் மலையடி வரைக்கும் கரும்பு. வெட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள். வைக்காவிட்டாலும் எவனாவது வைத்துவிடுவான். கரும்புத் தோகை எரிந்து கருப்புச் சுருள் சுருளாகச் சாம்பல் வானத்தில் மிதந்து வரும். தொட்டால் மை மாதிரி இழுக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட, வெட்டுக் காலத்தில் வெள்ளைத் துணியை வெளியே போடக் கூடாது என்று தெரியும்.

அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

மிஸ் லிட்டியா நகரத்துப் பெண். "வெரி குட்!" என்று எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வாய் திறந்தது. ஒருத்தர் டூரிஸ்ட்டுகளை மத்தியானம் வரைக்கும் படகில் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருத்தர் அழுக்கே தெரியாத கறுப்பு விரிப்பாக வாங்கிவிடலாம் என்றார். (சிரிக்கக் கூடாது என்பதால் பலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.) ரோலர் இஸ்திரி பார்க்கிற மேரே, பக்கத்துக் கிராமத்து ஃபிஜிக்காரி, "ஷீட்டை எதுக்கு டிரையர்ல போடணும்? ஈரத்தோடயே ரோலர்ல விட்டா அந்தச் சூட்டுலயே காயாதா?" என்றாள். எனக்கு முந்தின சூப்பர்வைசர் டிரையரில் போட்டார், அதனால் நானும் போட்டேன். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் குறை சொல்லும் நாள். "இன்னிக்குச் சட்டம் தலைகீழ்," என்றாள் மிஸ் லிட்டியா. "ஒவ்வொரு ஐடியாவிலயும் என்ன தப்பு வரும்னு தேடித் தேடிச் சொல்லணும். சொல்லாம விட்டாதான் தப்பு."

கறுப்பு விரிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டோம். படகை மூழ்கடித்தோம். மேரே சொன்னதில் நானே எழுந்து, "ரொம்ப ஈரமா இருந்தா ரோலர் துணி நனைஞ்சிடும்" என்று சூப்பர்வைசர் கெத்தோடு ஒரு குறை கண்டுபிடித்தேன். அப்புறம் சம்பந்தியின் ஐடியா வந்தது.

"பாஸ், நீங்க சொல்லுங்க. இதுல என்ன தப்பு வரலாம்?"

சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நடுவில் எனக்கு மணமேடை தெரிந்தது. மேளம் நின்றுபோன மாதிரியும் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலையே மிஸ்."

"மழை?"

"இப்ப மழைக்காலம் இல்லை."

"வேற எதுவுமே இல்லையா? நல்லா யோசிங்க."

"இவ்வளவு நல்ல யோசனையில குறை சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "எங்க சம்பந்தி சாதாரண ஆள் இல்லை. பாய்லர் பக்கத்துல உக்காந்து உக்காந்து சூட்டைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்லை."

பாஸே அப்படிச் சொன்னபிறகு மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? எல்லாரும் தலையாட்டினார்கள். டீ நேரத்தில் மேரே மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "பாஸ், உங்க மகளுக்கு மாமனார் ஆகப்போறவர்தானே அவர்?"

"ஆமாம்."

"எங்க ஆளுங்கள்லயும் சில உறவுக்காரங்ககிட்ட எதிர்த்துப் பேச மாட்டோம். டம்பு. உங்களுக்கு இவர் டம்பு. புரியுது." ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். "ஆனா சாம்பலுக்கு அதெல்லாம் தெரியாது பாஸ்."

பிறகு ஓட்டெடுப்பு. கையில் கொடுத்த கலர் பொட்டை எந்த ஐடியா பிடிக்கிறதோ அதன்மேல் ஒட்டவேண்டும். நான் முதலில் போய் என் பொட்டுகளையெல்லாம் சம்பந்தியின் ஐடியாவுக்கு அர்ப்பணம் பண்ணினேன். மற்றவர்களும் வரிசையாக வந்து ஒட்டினார்கள். மேரேகூட எனக்காக ஒன்று ஒட்டினாள். கடைசியில் பார்த்தால் அந்தக் காகிதம் மாரியம்மன் முகம் மாதிரி பொட்டும் பூவுமாக இருந்தது.

செய்து காட்டும் நாளுக்கு மானேஜர் தேர்ந்தெடுத்தது அந்த விமானக் கம்பெனி ஆட்கள் முதன்முதலாக வந்து தங்கிப் பார்க்கிற நாள். அன்றைக்கு விடிகாலை நான் கோயிலுக்குப் போய் முருகனிடம் விழுந்து வேண்டிக்கொண்டேன். காற்று திரும்பக் கூடாது என்று கேட்டேன். கரும்பு எரியக் கூடாது என்று கேட்டேன். மழை கேட்கவில்லை, வெயில் கேட்டேன். எல்லாம் கேட்டவன், எனக்கு வாய் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

பத்து மணிக்குள் புல்தரை முழுக்கக் கயிறு. ஓட்டலில் இருந்த அத்தனை விரிப்பும் வெளியே. சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினேன். மானேஜர் ஒரு போட்டோகூட எடுத்தார். சம்பந்தி பாய்லர் வாசலில் கைகட்டி நின்றார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு புகை எழுந்தது, ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக.

"அது யாரோ சமைக்கிறாங்க போலிருக்கு சம்பந்தி," என்றேன்.

"அப்படித்தான் இருக்கும் சம்பந்தி," என்றார்.

சமையல் பெரிதாகிக்கொண்டே போனது. படபடவென்று கரும்பு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"பெரிய சமையல் போலிருக்கு," என்றார் அவர்.

"காத்து அந்தப்பக்கம்தான் அடிக்குது. நமக்கு ஒண்ணும் வராது."

"நீங்க சொன்னா சரிதான்."

முதல் சுருள் என் மூக்குக்கு நேரே இறங்கி, முதல் வரிசை விரிப்பின் நட்டநடுவில் உட்கார்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு, அதைப் பார்க்காத மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஷீட் நல்லா காஞ்சிருக்கு சம்பந்தி," என்றேன். இதைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அரே பாஸ், ராக் கிரே!" என்று உள்ளேயிருந்து மேரே கத்தினாள். (சாம்பல் விழுகிறது என்று அர்த்தம். அர்த்தம் சொல்லாமலே புரிந்திருக்கும்.) அப்புறம்தான் ஓடினோம். வானமே கறுத்துப்போய்க் கொட்டியது. உருவுகிற அவசரத்தில் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொண்டோம். தட்டினால் கோடு, துடைத்தால் பட்டை. வேட்டியில் புரளுகிற குழந்தை மாதிரி நான் ஒரு விரிப்பில் சிக்கிக்கொண்டு விழுந்தேன். எனக்கு மேலே யாரோ, "கறுப்பு ஷீட் வாங்கலாம்னு நான் சொன்னப்ப என்னைக் கிழிச்சீங்க!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

இரண்டு மணிக்கு விமானக் கம்பெனி ஆட்கள் வந்து இறங்கினார்கள். அறைகளில் வெறும் மெத்தை. அவர்களுக்கு இளநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். மறுபடி இளநீர் கொடுத்தார்கள். உள்ளே நாங்கள் எல்லாவற்றையும் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தோம். உலர்த்த நேரமே இல்லை. மேரே யாரையும் கேட்கவில்லை. பிழிந்த விரிப்பை ஈரத்தோடு ரோலரில் விட்டாள். அந்தப்பக்கம் ஆவி பறக்கக் காய்ந்து, மடிப்பில்லாமல் வந்தது. பிறகு எல்லாரும் அவள் சொன்னபடி செய்தோம். சாயங்காலத்துக்குள் பாதி அறைகளுக்கு மேல் விரிப்பு போய்விட்டது. மிச்ச அறைகளுக்கு விருந்து மண்டபத்து மேசைத்துணி. பெரிய பைலட் கிறிஸ்துமஸ் மணி படம் போட்ட சிவப்புத் துணியில் படுத்தார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் விசாரணை. மானேஜர், மிஸ் லிட்டியா, நாங்கள் எல்லாரும். மானேஜர் முகம் கல் மாதிரி இருந்தது. மேசைமேல் லவுத்தோக்கா காண்டிராக்டரின் காகிதம் தயாராக இருந்தது.

மிஸ் லிட்டியா கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த மாசத்துல சாம்பல் விழும்னு முன்னாடியே யாருக்கெல்லாம் தெரியும்? கை தூக்குங்க."

மேரே கை தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை. அப்புறம் வரிசையாக அத்தனை கையும். நான் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன். நிமிர்ந்தால், பின்வரிசையில் சம்பந்தியின் கையும் மேலே இருந்தது.

எனக்குச் சபை மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று. "உங்களுக்குமா தெரியும் சம்பந்தி?"

"கரும்புக் காட்டுல பொறந்தவன் சம்பந்தி நான். எனக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"சிவனேன்னு உக்காந்திருந்தவனை நீங்கதான் எழுப்பிவிட்டீங்க. பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் சொல்லுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் யாராவது அடிச்சிடுவாங்கன்னு நிம்மதியா இருந்தேன். நீங்க 'இதுல என்ன குறை'ன்னுட்டீங்க! பொண்ணு வீட்டுக்காரர் நாலு பேர் முன்னாடி மெச்சிப் பேசும்போது, அது தப்புன்னு சொன்னா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடாதா? வீட்ல வேற தினம் சொல்லி அனுப்பறா, பொண்ணு வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாதுன்னு."

அதை ஒருத்தர் ஹிந்தியில் சொல்ல, மிஸ் லிட்டியா மானேஜருக்கு இங்கிலீஷில் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். மானேஜர் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்."

"யெஸ் சார்."

"அவருக்கும் தெரியும்."

"யெஸ் சார்."

"அப்படியும் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கவிட்டீர்கள்."

"யெஸ் சார்."

மானேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பயந்துபோனேன். திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரோலர் வேலையை நாளைக்கு எனக்குக் காட்டுங்கள்," என்றார்.

காட்டினோம். ஒன்றரை மணிக்கே விரிப்புகள் மாடிக்குப் போய்விட்டன. லாண்டரி தப்பியது. நான் தப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் சூப்பர்வைசராக இருக்க முடியாது என்று மானேஜர் சொல்லி, அந்த வேலையை மேரேவுக்குக் கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. (இந்தத் தடவை நிஜமாகவே தேடிப் பார்த்தேன்.) மேரே பதவிக்கு வந்த முதல் நாளே, "பெருமாள், வெந்நீர்!" என்று ஒரு கத்து கத்தினாள். சம்பந்தி முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் மாதக்கணக்கில் பார்த்ததில்லை.

வீட்டில் கமலாவிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"சம்பந்தி மனசு நோகலையே?" என்றாள்.

"இல்லை."

"அப்ப சரி, கை கழுவிட்டு வாங்க," என்று தட்டை வைத்தாள்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் குறையில்லாமல் நடந்தது. சாந்தி ஆக்லாந்துக்குப் போய் இப்போது அவளுக்கே பெரிய பிள்ளைகள். லாண்டரிக் கதையை அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டில் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. எந்தக் காரியம் கெட்டாலும், "யாருக்கு முன்னாடியே தெரியும்? கை தூக்கு" என்று கேட்பார்கள். கடைசிப் பேத்திக்கு சாமி, சாதம், தாத்தா தவிர வேறு தமிழ் வராது. இது மட்டும் சுத்தமாக வரும்.

போன வருஷம் நானும் சம்பந்தியும் சேர்ந்தே ஆக்லாந்துக்குப் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை, கடற்கரைக்குப் போய்க் கோழி சுட்டுச் சாப்பிடலாம் என்றார் மாப்பிள்ளை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வானம் அண்டாவின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது.

"அருமையான யோசனை மாப்பிள்ளை," என்றேன்.

"கடல் காத்து உடம்புக்கு நல்லது," என்றார் சம்பந்தி.

கடற்கரையில் கதவைத் திறக்கக்கூட முடியவில்லை, அப்படி ஒரு மழை. எல்லாரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்றோம். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் வெளுத்துப்போயிற்று. பேத்தி தன் சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

"கை தூக்கு."

நான் தூக்கினேன். சம்பந்தி தூக்கினார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, திரும்பிப் பார்க்காமலே, மெதுவாக ஒரு கையை மேலே தூக்கினார்.